சோதிக்காமல் வாங்கிய தாள்

மாதா கோயில் மணி விட்டு விட்டு அடித்தபோது நான் கடையில் ஒருவருக்கு ஃபிலிம் சுருள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காரைக்காலில் கோயிலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துக்க மணி கேட்டால் கைவேலையை நிறுத்தாமலே தெருவைப் பார்த்து, "யாராம்?" என்று கேட்போம். போகிறவர் வருகிறவர் யாராவது பேரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று பள்ளிக்கூட பியூன் ஞானப்பிரகாசம் சைக்கிளில் வந்தார். வழக்கமாகக் காலைக்கூட ஊன்றாமல் சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று இறங்கி சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

"நம்ம பிலோமினா டீச்சருங்க. காலையில ஆறரைக்கு" என்றார்.

வாடிக்கையாளர் கறுப்பு வெள்ளைச் சுருள் கேட்டிருந்தார். நான் கலர் சுருளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் அவர் திருப்பிக் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் கேட்டார்கள். உங்களில் பலருக்கு அவர் சயின்ஸ் டீச்சர். சிலருக்கு அக்கா, சித்தி. எனக்கு அவர் வாடிக்கையாளர். எங்கள் பழக்கம் ஒரு சண்டையில் தொடங்கியது. அதனால் நானும் சண்டையிலிருந்தே தொடங்குகிறேன். நாலு வார்த்தைக்கு மேல் போனால் ஆசிரியைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விழிதியூரில் எங்கள் வீட்டில் நெல் விதைக்காத முதல் ஆள் நான். எழுபத்தேழில் காரைக்காலுக்கு வந்து கடை போட்டேன். ஒரு பக்கம் நோட்டு, பேனா. மறுபக்கம் ஃபிலிம், போட்டோ பேப்பர், அதைக் கழுவும் மருந்துகள். அப்பாவுக்குக் கோபம். "ஒண்ணுமே எழுதாத வெள்ளப் பேப்பர விக்கிறதுக்கு ஒரு கடையா?" என்று ஊரெல்லாம் கேட்டார். கடை தோற்றால் திரும்பிப் போய் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் நான் காலை ஏழு மணிக்கே கதவைத் திறப்பேன்.

மறு வருடம் மாசியில் ஒரு சாயங்காலம். கடையில் மூன்று ஸ்டூடியோக்காரர்கள் நின்றிருந்தார்கள். பூவத்திலிருந்து வரும் சேகர் அவர்களில் ஒருவர். பிலோமினா டீச்சர் படியேறி வந்து, ஒரு போட்டோவை என் முன்னால் வைத்தார்.

"இது என்னங்க?"

"போட்டோங்க டீச்சர்."

"இதுல பொண்ணு எங்க இருக்கா?"

உற்றுப் பார்த்தேன். பெண் இருந்தாள். ஆனால் முகம், தாவணி, பின்னால் சுவர் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் இருந்தன. போட்டோவின் வெள்ளை ஓரம்கூடச் சாம்பல்தான். இதை ஸ்டூடியோக்காரர்கள் 'ஃபாக்' என்பார்கள். படம் பிடிக்காத இடத்திலும் தாள் தானாக மூட்டம் போட்டுக்கொள்வது.

"கடைசி வகுப்புப் பிள்ளைங்க ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எடுத்திருக்கேன். பாதிப் பிள்ளைங்க மண்டபத்தூரு, அந்தப் பக்கத்து மீனவக் குப்பம். தனியா ஒரு போட்டோகூட எடுத்ததில்ல. பள்ளிக்கூடம் முடியிறதுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும். ரெண்டு பாக்கெட் வீணாப் போச்சு. நான் படம் கழுவுற ரூம்ல எல்லாம் முன்ன இருந்தபடியேதான் இருக்கு. மாறுனது உங்க பேப்பர் ஒண்ணுதான்." ஒரு கணம் நிறுத்தி, "பழைய சரக்குக்குப் புது உறை போட்டு விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

என்னைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. மூன்று ஸ்டூடியோக்காரர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"டீச்சர், எங்கப்பா விவசாயி. விதை நெல்லு வாங்குனா மொதல்ல ஒரு பிடிய ஈரச் சாக்குல முடிஞ்சு முளைக்கப் போட்டுப் பாப்பாரு. அது முளைச்சு, வயல்ல முளைக்கலேன்னா வயல் மேல குத்தம். சாக்குலயே முளைக்கலேன்னாதான் விதை மேல குத்தம். நீங்க சயின்ஸ் டீச்சரு. என் பேப்பரத் தனியா முளைக்கப் போட்டுப் பாத்தீங்களா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. ஊரே மரியாதை வைத்திருக்கும் டீச்சரிடம் இப்படிக் கத்திவிட்டேனே என்று உடனே தோன்றியது. அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். வகுப்பில் சரியான கேள்வி கேட்ட பிள்ளையை அப்படித்தான் பார்ப்பார் என்று பிறகு அவருடைய மாணவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"இல்ல. பாக்கல" என்றார். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பத்து மணிக்கு வீட்டுக்கு வாங்க. பிரிக்காத பாக்கெட் ஒண்ணு உங்க கையாலயே கொண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் ஒரு ஸ்டூடியோக்காரரும் என்னிடம் தாள் வாங்கவில்லை. சேகர் நாகப்பட்டினத்திலேயே வாங்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் அது காரைக்காலில் அவ்வளவு தூரம் போகும். விழிதியூர் பஸ்ஸில் ஏறி, அப்பா முன்னால் போய் நிற்பதை மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டேன்.

டீச்சர் வீடு பழைய காலத்துக் கனத்த சுவர் வீடு. கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படம். அதற்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியும், இரவும் பகலும் எரியும் சின்ன சிவப்பு பல்பும். டீச்சரின் அம்மா பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் ஆண்களை 'முசே' என்றுதான் கூப்பிடுவார். "வாங்க முசே, காபி குடிச்சிட்டு இருட்டுக்குள்ள போங்க" என்றார். சண்டைக்கு வந்தவனுக்கு முதலில் காபி.

ஜன்னல் இல்லாத சாமான் அறைதான் டீச்சரின் டார்க் ரூம். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர், மேசையில் மருந்து ஊற்றிய மூன்று தட்டு, மேலே ஒரு சிவப்பு பல்பு. போட்டோ பேப்பர் வேறு வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும், சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சிவப்பு விளக்கில்தான் வேலை செய்வார்கள். கதவிடுக்கில் பழைய சேலையை அடைத்தார். பிறகு அந்தச் சிவப்பு விளக்கையும் அணைத்தார்.

"விளக்கே வேணாம். மொதல்ல உங்க விதைய ஈரச் சாக்குல போடுவோம்."

கும்மிருட்டு. நான் கொண்டுபோன பாக்கெட்டைப் பிரித்து ஒரு தாளில் துண்டு கிழித்து மருந்துத் தட்டில் போட்டார். கடிகாரம் தெரியாது. நேரத்தை எப்படி அளப்பார் என்று யோசித்தேன். அவர் மெல்லிய குரலில் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினார். எட்டுத் தரம் சொன்னால் இரண்டு நிமிடம், அதுதான் கணக்கு. நான் கும்பிடும் சாமி வேறு. ஆனாலும் அந்த எட்டுத் தரமும் நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் நின்றேன். என் கடை அந்தத் தட்டில் கிடந்தது.

படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ மருந்தில் போட்டு எடுத்து, பாக்கெட்டைப் பத்திரமாக மூடிவிட்டுக் கதவைத் திறந்தார். துண்டு சலவை வேட்டிபோல வெள்ளையாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ண வச்சு முடிவு சொல்லக் கூடாது" என்று மறுபடி கதவைச் சாத்தினார். இந்தத் தடவை, அவரிடம் மிச்சமிருந்த, பழி சுமந்த பாக்கெட்டிலிருந்தே ஒரு துண்டு. மறுபடி இருட்டு, மறுபடி எட்டுத் தரம். அதுவும் வெள்ளை.

"பேப்பர்ல குத்தம் இல்ல. மருந்துலயும் இல்ல" என்றார். குரலில் வருத்தமும் இல்லை, சமாளிப்பும் இல்லை. "அப்ப என்னதான் மிச்சம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, மேலே பல்பைப் பார்த்தார். "வெளிச்சம் புகாத சாமான் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

இடுப்பிலிருந்த கடைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். பெரிய இரும்புச் சாவி. சிவப்பு விளக்கைப் போட்டு, ஒரு துண்டை மேசையில் வைத்து, அதன் மேல் சாவியை வைத்தார். ஐந்து நிமிடம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு விளக்கை அணைத்து, இருட்டிலேயே கழுவினார். கதவைத் திறந்தபோது துண்டு முழுவதும் சாம்பல். நடுவில் மட்டும் என் கடைச் சாவி, வெள்ளை வெளேரென்று.

நான் துள்ளிக் குதிக்காததுதான் குறை. டீச்சர் பல்பைக் கழற்றி முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். வெயிலில்தான் தெரிந்தது, அதன் சாயம் வெளுத்துப் போயிருந்தது. அந்த அறைக்குள் நின்றால் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும். கண் ஏமாந்துவிடும், தாள் ஏமாறாது. "போன மாசம்தானே புதுசு போட்டேன்" என்று பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஒரு பக்கம் நகத்தால் சுரண்டினார். ஒரு சொட்டு மெழுகு உதிர்ந்தது. டார்க் ரூமில் மெழுகுவத்தி ஏது? இருவருமே தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தோம். திருஇருதய ஆண்டவருக்கு முன்னால் பல்பு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, இந்த பல்ப மாத்துனீங்களா?"

"ஆமா, சாம்பல் புதனுக்கு மொத நாளு. தவக்காலம் வருது, ஆண்டவருக்கு முன்னால சாயம் போன பல்பா எரியிறது? உன் ரூம்ல இருந்தது புதுசா இருந்துச்சு. அத இங்க போட்டு, இத அங்க போட்டேன். இதுவும் செகப்புதானே?"

டீச்சர் வெடித்துச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அம்மாவுக்கு மட்டும் ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. "முசேக்கு இன்னொரு காபி போடவா?" என்றார். டீச்சர் அந்தப் புது பல்பை ஆண்டவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் கடைத்தெருவில் வேறொன்று வாங்கிக்கொண்டார்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்தார். "அன்னைக்கு நான் பேசினப்ப யார் யார் நின்னாங்க?" என்று கேட்டார். பேர் சொன்னேன். இருவரை ஞானப்பிரகாசத்தை விட்டுக் கூப்பிட்டுவரச் சொன்னார். அவர்கள் முன்னால், நின்ற இடத்தில் நின்றபடியே, "இவரு பேப்பர் நல்ல பேப்பர். தப்பு என்னோடது. அன்னைக்குச் சொன்னதத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மூன்றாவது ஆள் சேகர் பூவத்தில் இருந்தார். "அவரு அடுத்த வாரம் வருவாரு டீச்சர், நானே சொல்லிக்கிறேன்" என்றேன். "பேசுனது நீங்களா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறப் போனார். பூவம் வரைக்கும் போய், ஒரே ஒரு ஆளிடம் அதையே சொல்லிவிட்டுத் திரும்பினார்.

போகும்போது பஸ் நிறுத்தம் வரை நானும் கூட நடந்தேன். மனசு கேட்காமல், "டீச்சர், அம்மா பல்ப மாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே. உங்க பேர்ல தப்பே இல்லையே" என்றேன்.

"விளக்கச் சோதிக்காம பேப்பரக் குத்தம் சொன்னது அம்மாவா, நானா?"

அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதால்தான் அவர் பல்பு மாற்றியதை முதன்முறையாக வெளியில் சொல்கிறேன்.

அந்த வருடம் பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டோ கிடைத்தது. தாவணியின் வெள்ளை வெள்ளையாக, கண்ணின் கறுப்பு கறுப்பாக. மண்டபத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, ஒரு வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அதில் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்தேன். "யாரு எடுத்தது?" என்று தெரியாதவன்போலக் கேட்டேன். "எங்க டீச்சரு" என்றாள் அந்தப் பெண், மீன் வலையை ஒதுக்கிவைத்துக்கொண்டே. அந்த 'எங்க'வில் இருந்த பெருமையைக் கேட்டு, "பேப்பர் எங்க கடைப் பேப்பர்" என்று நானும் சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எண்பத்து மூன்று ஐப்பசியில் என் முறை வந்தது. அடைமழை. சேகர் நனைந்துகொண்டே வந்து ஒரு போட்டோவைப் போட்டார். சாம்பல். "பேப்பர் ஃபாக் ஆயிருக்கு" என்றார். எனக்குத்தான் பழைய கதை கைவசம் இருக்கிறதே. "விளக்கப் பாருங்க சேகர். டீச்சர் வீட்லயே அன்னைக்கு விளக்குதான்" என்று சிரித்தேன். ஹைப்போ வாங்க வந்திருந்த டீச்சர் ஓரமாக நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"முளைக்கப் போட்டுப் பாத்துட்டீங்களா கோவிந்தராசு?"

நான் பார்த்திருக்கவில்லை. அந்தச் சரக்கிலிருந்து ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஒரு துண்டை மேசை மேல் வைத்தார். சாம்பல். சாவியும் இல்லை, வெள்ளையும் இல்லை. கடையின் பின்சுவர் ஓதம் ஊறி, அங்கே அடுக்கியிருந்த தாளெல்லாம் கெட்டுப்போயிருந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். நான் அரை மணி நேரம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேகரிடம் மட்டும் இரகசியமாக வேறு பாக்கெட் கொடுத்து முடித்துவிடலாமா என்று யோசித்ததை மறைக்கமாட்டேன். பிறகு எழுந்து ஒரு சிலேட்டில் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினேன்: 'இந்த மாதம் இந்தக் கடையில் விற்ற போட்டோ தாள் பழுது. தவறு கடையினுடையது. திருப்பிக் கொண்டுவரவும்.' பூவத்துக்குப் பஸ் ஏறினேன். ஆளில்லாத கடைக்கு முன்னால், சாரல் படாத தாழ்வாரத்தில் அந்த சிலேட்டு தொங்கியது.

சாயங்காலம் திரும்பி வந்தால் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு சிலேட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே பேப்பர் உங்க கடையிலதான் வாங்கப் போறேன்" என்றார்.

"இத்தனை நாள் எங்க வாங்குனீங்க?"

"உங்க கடையிலதான். ஆனா ஒவ்வொரு பாக்கெட்லயும் ஒரு துண்டு சோதிச்சிட்டுதான் வாங்குனேன். இனிமே சோதிக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். சயின்ஸ் டீச்சர் சோதிக்காமல் இருப்பாரா? அந்தப் பேச்சைப் பிறகு நான் எடுக்கவும் இல்லை. கடை வளர்ந்தது. அப்பா ஒருநாள் வந்து கல்லாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். டீச்சர் மாதம் ஒரு பாக்கெட் வாங்கினார், உடம்புக்கு முடியாமல் படுக்கும் வரைக்கும்.

போன வாரம் டீச்சரின் தம்பி மகள் ரீட்டா, அந்தச் சாமான் அறையை ஒழுங்குபடுத்தும்போது கிடைத்ததென்று ஒரு சின்னக் காகிதக் கட்டு கொண்டுவந்து கொடுத்தாள். "ஒவ்வொண்ணு பின்னாலயும் உங்க கடைன்னு எழுதியிருக்கு மாமா. என்னன்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமோன்னு கொண்டாந்தேன்" என்றாள்.

நூல் கோத்த தாள் துண்டுகள். முதல் துண்டில் வெள்ளையாக என் கடைச் சாவி. அடுத்து மாதம் ஒன்று வீதம் வெள்ளைத் துண்டுகள். பின்னால் பென்சிலில் என் கடைப் பேர், மாதம், வருடம், 'நன்று'. ஐந்தரை வருடம், ஒன்றுகூட விட்டுப்போகாமல். ஒவ்வொன்றுக்கும் இருட்டில் எட்டு மரியே. கடைசித் துண்டு சாம்பல், அன்று என் மேசையில் வைத்ததன் மறு பாதி. பின்னால் 'ஐப்பசி 83' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'சிலேட்டு மாட்டினார். போதும்.'

நூலில் அதற்குப் பிறகும் நிறைய இடம் இருந்தது. ஒரு துண்டும் கோக்கப்படவில்லை. ரீட்டா முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

கட்டைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், அவளிடமே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஐப்பசியிலிருந்து டீச்சர் படுத்த நாள் வரைக்கும் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் என் கடைத் தாளை அவர் பிரித்தார், படம் போட்டார், ஒருநாளும் சோதிக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, நூலில் துண்டு இல்லாத அந்த ஐந்து வருடம்தான்.